ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்: மெலோடியன்ஸ் 1970, போனி எம் 1978 – யாருடைய பாட்டு?

#1 பாட்டுப்பெட்டி

பழைய இங்கிலீஷ் பாட்டுத் தொகுப்பு எதை எடுத்தாலும் இந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் ‘போனி எம், 1978’ (ஜெர்மனியில் உருவான டிஸ்கோ குழு) என்று போட்டிருக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் ‘பாரம்பரியப் பாடல்’ என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. அதற்காகத்தான் இந்த இழை.

பாட்டு பிறந்தது ஜமைக்காவில். பாடியவர்கள் மெலோடியன்ஸ்: டோனி பிரெவெட், பிரெண்ட் டோவ், டிரெவர் மெக்நாட்டன். கிங்ஸ்டன் நகரத்தின் கிரீன்விச் டவுன் பகுதியில் 1963-ல் சேர்ந்த மூவர் குழு. இந்தப் பாட்டை எழுதியவர்கள் டோவும் மெக்நாட்டனும். தயாரித்தவர் லெஸ்லி காங். சீன வம்சாவளி ஜமைக்கர். 1970-ல் அவருடைய பெவர்லீஸ் லேபிளில் வந்தது. பிரிட்டனில் ட்ரோஜன் கம்பெனியின் துணை லேபிளான சம்மிட்டில் வந்தது. அடுத்த வருஷமே காங் மாரடைப்பில் போய்விட்டார். 1972-ல் ஜிம்மி கிளிஃப் நடித்த ‘தி ஹார்டர் தே கம்’ படத்தின் இசைத்தட்டில் இந்தப் பாட்டும் இடம்பிடித்தது. ஜமைக்காவுக்கு வெளியே பலர் கேட்டது அந்தத் தட்டில்தான்.

போனி எம் முதல் கவரும் (அடுத்தவர் பாட்டைத் திரும்பப் பாடிய பதிவு) கிடையாது. லிண்டா ரான்ஸ்டாட் 1976-லேயே ‘ஹேஸ்டன் டவுன் தி விண்ட்’ ஆல்பத்தில் இதைச் சின்னதாகப் பாடியிருக்கிறார்.

இரண்டு பதிவுகளையும் நன்றாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள். என்ன மாறியது, ஏன் மாறியது?

#2 கின்னரம்

வரிகளிலிருந்து ஆரம்பிப்போம். தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு இந்தப் பாட்டில் புதிதாக ஒன்றும் இருக்காது. முதல் பாதி சங்கீதம் 137 (பைபிளில் உள்ள பக்திப் பாட்டுகளுக்குச் சங்கீதம் என்று பெயர்): “பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்.” பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை, அதாவது சீயோனை, பிடித்து யூதர்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோன காலம், கிமு ஆறாம் நூற்றாண்டு. பிடித்துப் போனவர்கள் ‘எங்களுக்கு உங்க ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள்’ என்கிறார்கள். ‘கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம்’ என்பது பதில்.

பாட்டின் பின்பாதி வேறு சங்கீதம். 19-ம் சங்கீதத்தின் கடைசி வசனம்: “என் வாயின் வார்த்தைகளும், என் இருதயத்தின் தியானமும்” என்று வருமே, அது. பைபிளில் இந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நடுவில் 117 சங்கீதங்கள் கிடக்கின்றன.

விட்டுப்போனதையும் கவனியுங்கள். 137-ன் இரண்டாம் வசனத்தில் கின்னரங்களை (யாழ் மாதிரி நரம்புக் கருவி) மரத்தில் தொங்கவிடுகிறார்கள். அது பாட்டில் இல்லை (என் பெயரையே வெட்டிவிட்டார்கள்). எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதச் சொல்லும் கடைசி வசனமும் இல்லை; அதை யார்தான் பாடுவார்கள்.

கேட்காமலே ஒரு துணுக்கு: தொங்கவிட்ட மரத்தை இங்கிலீஷ் பைபிள் வில்லோ என்கிறது. அதை நம்பித்தான் லின்னேயஸ் கிளை தொங்கும் வில்லோவுக்கு ‘பாபிலோனிகா’ என்று பெயர் வைத்தார். அந்த மரம் உண்மையில் சீனாவிலிருந்து வந்தது. வசனத்தில் இருப்பது யூப்ரடீஸ் கரையில் வளரும் ஒருவகைப் பாப்லர் என்பது தாவரவியல்காரர்கள் கருத்து. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அலரிச்செடி’ என்று போட்டுவிட்டார்கள். ஆற்றங்கரைச் செடி என்ற அளவில் பொருத்தம்தான். கின்னரத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

#3 மறுகரை

அப்ப முழுக்க பைபிள் வசனம்தானே? டோவும் மெக்நாட்டனும் என்னத்த எழுதினாங்க? மெட்டு மட்டும் அவங்களுதுன்னா சரி. வரிக்கும் சேர்த்து உரிமை கேட்டா, தேவாரத்துக்கு மெட்டுப் போட்டவர் ‘எழுதியவர் நான்’னு சொல்ற மாதிரி இல்ல?

#4 பாட்டுப்பெட்டி

நல்ல கேள்வி. இதைப் பாடபேதம் பார்க்கிற முறையில் பார்ப்போம். இரண்டு ஏட்டில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் முடிவு கட்டுவார்கள் இல்லையா, அதே வேலைதான்.

ஜேம்ஸ் அரசர் பைபிளில் ‘எங்களைச் சிறைப்பிடித்துப் போனவர்கள்’ என்றுதான் இருக்கிறது. மெலோடியன்ஸ் அதை ‘துன்மார்க்கர்’ என்று மாற்றினார்கள். ‘விக்கெட்’ என்ற சொல். 137-ம் சங்கீதத்தில் அந்தச் சொல்லே கிடையாது. போனி எம் பாட்டிலும் அதே ‘விக்கெட்’ இருக்கிறது.

சங்கீதம் 19-ல் ‘என் வாய், என் இருதயம்’ என்று ஒருமை. மெலோடியன்ஸ் ‘எங்கள்’ என்று பன்மையாக்கினார்கள். ஒரு தனியாள் ஜெபத்தைச் சிறைப்பட்ட கூட்டத்தின் குரலாக மாற்றும் வேலை அது. போனி எம்மிலும் ‘எங்கள்’.

கின்னர வசனம் இரண்டிலும் இல்லை. இரண்டு சங்கீதங்களை ஒட்டிய இடமும் ஒன்றே. பைபிளைத் திறந்துவைத்து இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதியிருந்தால் இத்தனை ஒற்றுமை வராது. ஆக, ‘பாரம்பரியம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. தேர்வு, வெட்டு, ஒட்டு, சொல்மாற்று எல்லாம் டோவ், மெக்நாட்டன் கைவேலை.

அதைவிட முக்கியமானவை இரண்டு இடங்கள். ‘கர்த்தரின் பாட்டு’ என்ற இடத்தில் ஜமைக்கப் பதிவு ‘கிங் ஆல்ஃபாவின் பாட்டு’ என்கிறது. ‘கர்த்தாவே’ என்ற இடத்தில் ‘ஓ ஃபார்-ஐ’. ராஸ்தஃபாரி என்ற ஜமைக்க மத நம்பிக்கையில் ஆல்ஃபா அரசர் என்றால் அவர்கள் தெய்வமாகக் கருதும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி. ஒமேகா அரசி என்றால் அவர் மனைவி மேனன். ஃபார்-ஐ என்பது ராஸ் தஃபாரி என்ற அவருடைய முடிசூட்டுக்கு முந்தைய பெயரின் பின்பகுதி. பாபிலோன் அவர்களுக்கு ஈராக்கில் இருக்கும் இடம் இல்லை. அடிமைக் கப்பலில் தொடங்கி போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் எல்லாம் பாபிலோன். சீயோன் என்றால் எத்தியோப்பியா.

இணையத்தில் கிடைக்கும் பாட்டு வரிகளில் ‘ஃபார்-ஐ’யை ‘ஓவர் ஐ’ என்று தப்பாகக் கேட்டு எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள்.

#5 மறுகரை

புரியுது. ஆனா அப்படிப் பார்த்தா போனி எம் தயாரிப்பாளர் ஃபாரியன் செஞ்சது தப்பே இல்லையே? ஜமைக்காக்காரங்க கர்த்தரை எடுத்துட்டு செலாசியை வெச்சாங்க. இவர் மறுபடி கர்த்தரை வெச்சார். மூலத்துக்குத் திரும்பியிருக்கார். பாடபேதம்னு நீங்களே சொன்னீங்க, மூலபாடத்துக்குப் போறதுதானே பதிப்பாசிரியர் வேலை?

#6 கின்னரம்

பாதிதான் திரும்பினார், அங்கேதான் சிக்கல்.

‘ஓ ஃபார்-ஐ’ மூன்று அசை. அதை எடுத்தபின் பைபிளின் முறையில் ‘ஓ லார்ட்’ என்று போட்டிருக்கலாம். ஆனால் அது இரண்டு அசை. மெட்டில் ஒரு அசை காலியாக நிற்கும். அதனால் போனி எம் பாடியது ‘ஹியர் டுநைட்’. மூன்று அசை சரி. முந்தைய சொல் ‘சைட்’ என்பதோடு இயைபும் விழுகிறது. பொருள்? ‘எங்கள் தியானம் உமது சமுகத்தில் ஏற்கப்படுவதாக, இன்றிரவு இங்கே.’ மேடைக் கச்சேரிக்கு ஏற்ற வரி. எந்த மூலத்திலும் இல்லாத வரி.

இன்னொன்று. குழு முதலில் ஒத்திகை பார்த்தது ‘கிங் ஆல்ஃபா’ என்ற வரியோடுதான். வெளியிட்ட பதிவில்தான் கர்த்தர் வந்தார். ஆகவே கையில் இருந்த மூலம் மெலோடியன்ஸ் தட்டு, பைபிள் இல்லை.

#7 பாட்டுப்பெட்டி

மறுகரை, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சங்கீதத்தைப் பாட்டாக்கியபோது டோவும் மெக்நாட்டனும் சொந்தமாகச் சேர்த்த சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பாட்டின் முகவரியாக இருந்தவை இரண்டு பெயர்கள். உலகமே பாடிய பதிவில் துல்லியமாக அந்த இரண்டையும்தான் நீக்கியிருக்கிறார்கள். மிச்சத்தைப் பார்த்துவிட்டு ‘இது பைபிள் பாட்டுதானே, இவர்கள் என்ன எழுதினார்கள்’ என்று கேட்கிறோம். உங்கள் #3-ம் பதிவு உட்பட.

#8 மறுகரை

சரி, வாங்கிக்கறேன். ஆனா வியாபாரம்னு ஒன்னு இருக்கு பாஸ். 1978 ஜெர்மனியில ‘கிங் ஆல்ஃபா’னா யாருக்குப் புரியும்?

#9 தெற்குத்தீவு

ஜமைக்காவிலேயே அந்த இரண்டு சொற்களால் வந்த வினையைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு வெளியானவுடன் அரசு ஒலிபரப்புக்குத் தடை போட்டது. கிங் ஆல்ஃபா, ஃபார்-ஐ இரண்டும் கலகத்தைத் தூண்டுமாம். இது வெறும் மதக் கோளாறு இல்லை. அந்தச் சமயத்து ஜமைக்காவைப் பார்க்க வேண்டும். 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் மோதலுக்குப் பின் ராஸ்தாக்களை (ராஸ்தஃபாரி மதத்தவரை) கண்ட இடத்தில் பிடித்து அடைத்தார்கள். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2017-ல். 1966 ஏப்ரல் 21 அன்று செலாசி கிங்ஸ்டனில் இறங்கியபோது விமான நிலையத்தில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் கொஞ்ச நேரம் விமானத்தைவிட்டே அவர் இறங்கவில்லை. 1968-ல் கயானா வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னியை நாட்டுக்குள் விட மறுத்ததும் கிங்ஸ்டனில் கலவரம். அதற்கு இரண்டு வருஷம் கழித்து மூன்று பேர் ஆல்ஃபா அரசரைப் பாடினால் அரசு சும்மா இருக்குமா?

லெஸ்லி காங் வாதம் எளிமையானது: ‘இந்த வார்த்தைகள் பைபிளில் இருக்கின்றன, நம் ஊர் கிறிஸ்தவர்கள் காலங்காலமாகப் பாடுகிற சங்கீதம், இதைத் தடுப்பீர்களா?’ தடை விலகியது. விலகி மூன்று வாரத்தில் ஜமைக்காவில் முதலிடம் என்று டோவ் சொல்லியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் பாட்டைக் காப்பாற்றியதும் ‘இது பைபிள்தானே’ என்ற வாதம், எட்டு வருஷம் கழித்து அதன் அடையாளத்தைக் கரைத்ததும் அதே வாதம்.

#10 வெள்ளிக்கிழமை டிஸ்கோ

போனி எம் பக்கத்துக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாது, வந்துவிட்டேன்.

முதலில் ஒரு தவறான எண்ணம்: ‘ஜெர்மன்காரர்கள் ஜமைக்கப் பாட்டைத் திருடினார்கள்.’ தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் ஜெர்மன்காரர், உண்மை. முதன்மைக் குரல் லிஸ் மிட்செல் ஜமைக்காவில் பிறந்தவர். மார்சியா பாரெட்டும் அப்படியே. மெய்சி வில்லியம்ஸ் மான்செராட். பாபி ஃபாரெல் அருபா. நால்வரும் கரீபியன் ஆட்கள். மிட்செல் ‘சீயோன்’ என்று இழுக்கும்போது வருகிற ஜமைக்கக் கோவில் வாசனை எந்த ஸ்டுடியோவிலும் செய்ய முடியாதது.

ஆனால் தட்டில் பாடியவர்கள் நால்வரும் இல்லை. மிட்செல், பாரெட், ஃபாரியன் மூவரும்தான். ஒரே குரலைத் திரும்பத் திரும்ப மேலே மேலே பதிந்து கூட்டமாக்குவது ஃபாரியன் முறை. ஃபாரெலின் ‘கனத்த குரல்’ ஃபாரியனுடையது. ஃபாரெல் ஆடினார், வாயசைத்தார். 1975-ல் போனி எம் என்ற பெயரில் முதல் தட்டு வந்தபோது குழுவே கிடையாது, குரல் எல்லாம் ஃபாரியன் ஒருவரே. பிற்பாடு மில்லி வனில்லி விவகாரத்தில் (மேடையில் வாயசைத்த இருவரும் தட்டில் பாடவே இல்லை) 1990-ல் அவர் மாட்டியபோது போனி எம் ரசிகர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

எண்கள்: பிரிட்டனில் 1978 மே நடுவிலிருந்து ஐந்து வாரம் முதலிடம். பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. அப்போது வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கம் ‘பிரவுன் கேர்ள் இன் தி ரிங்’. அதனால் அதே தட்டு திரும்ப ஏறி இரண்டாம் இடம் வரை போனது. மொத்தம் 40 வாரம் பட்டியலில், 20 லட்சத்துக்கு மேல் விற்பனை, அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள். அமெரிக்காவில் மட்டும் எடுபடவில்லை, 30-ம் இடம். அதுவும் அவர்களுக்கு அங்கே கிடைத்த ஒரே டாப் 40.

ஒரு தட்டு, இரண்டு பக்கமும் ஹிட், இரண்டுமே ஜமைக்கச் சரக்கு. ‘பிரவுன் கேர்ள்’ அங்கே பிள்ளைகள் வட்டமாக நின்று விளையாடும்போது பாடுவது. அதற்குத்தான் பாரம்பரியப் பாடல் என்ற பெயர் பொருந்தும்.

#11 குறுந்தட்டு

போனி எம் பதிவுக்கு இரண்டு மிக்ஸ் (குரலையும் இசையையும் கலந்த விதம்) இருப்பதாகப் படித்தேன். கையில் இருக்கும் தட்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#12 வெள்ளிக்கிழமை டிஸ்கோ

காதால் பிடிக்கலாம், லேபிள் பார்க்கவே வேண்டாம். ‘எங்கள் வாயின் வார்த்தைகள்’ பகுதிக்கு நேராகப் போங்கள். மிட்செலோடு ஓர் ஆண் குரலும் சேர்ந்து பாடினால் சிங்கிள் மிக்ஸ். ஆண் குரல் இல்லாமல் மிட்செல் மட்டும் முன்னே நின்றால் ‘நைட்ஃப்ளைட் டு வீனஸ்’ ஆல்பம் மிக்ஸ். இன்னொரு அடையாளம்: சிங்கிளில் முனகல் கூடுதலாக இருக்கும். கடைசியில் ஆல்பம் பதிவு கொஞ்சம் பின்னால்தான் மங்கி முடியும்.

எங்கே ஏமாறுவோம் என்றால், பிற்காலத் தொகுப்பு சிடிக்களில் பெரும்பாலும் ஆல்பம் மிக்ஸைப் போட்டுவிட்டு உறையில் வெறுமனே ‘1978 ஹிட்’ என்று எழுதியிருப்பார்கள். சிங்கிள் வேண்டும் என்றால் காசு கொடுக்குமுன் அந்த ஆண் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பிரிட்டன் தட்டில் அட்லாண்டிக், ஹன்சா பெயர்கள் இருக்கும்; அமெரிக்கத் தட்டு சையர்.

#13 அரைஇடம்

இசைப் பக்கம் யாரும் தொடவில்லையே.

பாட்டு முழுக்க மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து). ச-வை ஆதாரமாக வைத்தால் ச, ம, ப மீது நிற்கும் மேஜர் கார்டுகள். மெட்டு சங்கராபரண ஸ்வரங்களுக்குள் அடங்கும். பாபிலோன் பகுதியில் ச கார்டு நீளமாக நின்று ‘அழுதோம்’ வரும் இடத்தில் ப-வுக்குப் போய் ‘சீயோன்’ சொல்லும்போது வீடு திரும்புகிறது. துன்மார்க்கர் பகுதியில் ‘பாட்டு’ என்ற சொல் மீது ம கார்டு விழுகிறது. ‘எங்கள் வாயின் வார்த்தைகள்’ வந்தவுடன் ச-வும் ப-வும் வேகமாக மாறி மாறி வரும். வேறு சங்கீதத்திலிருந்து வந்த வரி என்பது காதுக்கே தெரியும்படி கார்டு நடை மாறுகிறது. தைத்த இடத்தை மறைக்காமல் விட்ட தையல்காரர்கள்.

தாளத்தில்தான் இரண்டு பதிவும் பிரிகின்றன. ரெகே என்ற ஜமைக்க இசையில் கிதாரும் ஆர்கனும் ஒவ்வொரு எண்ணிக்கையின் அரை இடத்தில் ‘சக்’கென்று வெட்டும். எண்ணும் இடத்தில் காற்று. பேஸ்தான் நிலத்தில் நடக்கும். போனி எம்மில் அந்த வெட்டு பின்னால் போய்விட்டது. அடி நேராக, சமமாக விழுகிறது. காலி இடங்களைக் கோரஸ் நிரப்புகிறது. நடனத் தளத்தில் யாரும் இடம் தேடித் தடுமாற வேண்டியதில்லை. குத்துப்பாட்டுக்குக் கைதட்டத் தெரிந்தால் போதும்.

என் தீர்ப்பு: மெலோடியன்ஸில் மூன்று ஆண் குரல்களும் களைத்துப்போய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, அழுதோம் என்றால் நம்பலாம். போனி எம்மில் யாரும் அழவில்லை. ஆனால் மிட்செலின் குரல் மட்டும், அந்தப் பளபளப்பு எல்லாவற்றையும் மீறி, அழுகிற பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறது.

#14 மேற்குத்தெரு கொயர்

எங்கள் குழு இதை மூன்று குரலில், ஒரு கீபோர்டோடு பாடப்போகிறது. ஜமைக்கா பாணி வேண்டும். ஒத்திகையில் வேகம் தானாக ஏறிவிடுகிறது, ஒவ்வொரு முறையும். யாராவது வழி சொல்லுங்கள்.

#15 அரைஇடம்

வேகம் ஏறுவதற்குக் காரணம் அந்த அரை இட வெட்டுதான். வலது கை அடுத்த எண்ணிக்கைக்கு முன்னாடியே விழுவதால் காது அதையே எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு முன்னே ஓடும். இப்படிச் செய்யுங்கள்: மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) பாதி வேகத்துக்குக் குறைத்து, அதன் ‘டிக்’ நாலு எண்ணிக்கையில் 2-லும் 4-லும் விழுவதாக வைத்துக்கொண்டு பாடுங்கள். முதல் பத்து நிமிஷம் தலை சுற்றும், விடாதீர்கள். கைதட்டுபவர்களையும் 2, 4-ல் மட்டும் தட்டச் சொல்லுங்கள். 1, 3-ல் தட்டினால் பாட்டு அணிவகுப்பாகிவிடும்.

கீபோர்டில் சஸ்டெயின் பெடலை எடுத்தே விடுங்கள். கார்டை அழுத்திய வேகத்தில் கையைத் தூக்க வேண்டும். ஒலி நீண்டால் ரெகே செத்தது. இடது கை பேஸ் எல்லா முதல் எண்ணிக்கையிலும் விழ வேண்டியதில்லை, இடையிடையே முதலை விட்டுவிட்டு இரண்டாவதில் நுழைந்தால் நடை வரும். கீபோர்டில் இருக்கும் தானியங்கி ‘ரெகே’ தாளத்தைப் போடாதீர்கள். பெரும்பாலானவற்றில் டிரம் நிரப்பல் அதிகம்.

மூன்று குரல்: தொடக்கத்தில் ச, க, ப. கார்டு ம-வுக்கு மாறும்போது ச அப்படியே நிற்க, க ம-வுக்கும் ப த-வுக்கும் ஏறட்டும். ப கார்டுக்கு மாறும்போது ப நிற்க, ச கீழ் நி-க்கும் க ரி-க்கும் இறங்கட்டும். ஆக ஒவ்வொரு மாற்றத்திலும் ஒருவர் நகரவே மாட்டார். வழக்கமாக நடக்கும் தப்பு மூவரும் ஒன்றாகத் தாவுவது. மாடிப்படி ஏறுகிற மாதிரி இருக்கும்.

நாலாவதாக ஒரு கார்டைச் சேர்க்காதீர்கள். மைனர் கார்டு ஒன்று போட்டால் சோகம் கூடும் என்று தோன்றும். கூடாது, சினிமாவாகும்.

#16 மேற்குத்தெரு கொயர்

2, 4 வழி வேலை செய்கிறது, நன்றி. இதைப் பதிவு செய்து வெளியிட்டால் அனுமதி வேண்டுமா? வரிகள் பைபிள் என்பதால் வேண்டாம் என்கிறார் ஒருவர்.

#17 சாசனம்

அந்த ஒருவரை நம்ப வேண்டாம்.

137-ம் சங்கீதத்தை எடுத்து நீங்களே புது மெட்டுப் போட்டால் மெலோடியன்ஸிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இவர்கள் மெட்டு, இவர்கள் வெட்டி ஒட்டிய வரிசை, அந்த ‘துன்மார்க்கர்’ வரி, இவற்றைத் தொட்டால் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். கூட்டாக எழுதியது என்றால் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. டோவ் 2006-ல் இறந்தார், மெக்நாட்டன் 2018-ல். அப்படியானால் 2078 முடியும் வரை.

கவர் பதிவுக்கு இங்கே தனிப் பிரிவே இருக்கிறது: காப்புரிமைச் சட்டம் 31சி, 2012 திருத்தத்தில் வந்தது. மூலப் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்குக் கணக்கு. உறையில் கவர் என்று எழுத வேண்டும், மூலப் பாடகர் படத்தைப் போட்டு ஏமாற்றக் கூடாது. தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றவும் கூடாது. அந்த 50,000 என்ற எண்ணில்தான் சின்னக் குழுக்கள் முட்டிக்கொள்கின்றன. அதனால் பலரும் உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி வாங்குவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். வரிகளைத் தமிழில் மொழிபெயர்த்துப் பாடினால் 31சி உதவாது, அதற்குத் தனி அனுமதி. வீடியோவோடு சேர்ப்பதும் தனி.

#18 மறுகரை

அப்ப போனி எம் தட்டுல எழுதியவர் பேர் யாருது?

#19 பாட்டுப்பெட்டி

நாலு பெயர் சொல்லப்படுகிறது: டோவ், மெக்நாட்டன், ஃபாரியன், ரெயம். ரெயம் என்பவர் ஹான்ஸ்-யோர்க் மேயர். மேயர் என்ற பெயரை இங்கிலீஷ் எழுத்தில் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் ரெயம்.

எழுதியவர் பங்கு எப்படிப் பிரிகிறது என்று புரிய அதே வருஷக் கிறிஸ்துமஸ் ஹிட்டைப் பாருங்கள். ‘மேரிஸ் பாய் சைல்ட்’ ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதியது, 1950-களில் ஹாரி பெலஃபோன்டே பாடிப் புகழ்பெற்றது. போனி எம் அதோடு ‘ஓ மை லார்ட்’ என்ற புதுப் பகுதியை ஒட்டியது. அந்தப் பகுதிக்கு எழுதியவர்கள் ஃபாரியனும் ஃபிரெட் ஜேயும். பழைய பாட்டோடு நாலு வரி புதிதாகச் சேர்த்தால் கவர் பாடியவருக்கும் எழுதியவர் பங்கு பிறக்கும். அங்கே சேர்த்தது காதுக்குத் தெரிகிறது. ‘பாபிலோன்’ வரிகளில் புதிதாகத் தெரிவது ‘ஹியர் டுநைட்’.

#20 மறுகரை

மூணு அசைக்கு ரெண்டு பேர். பரவால்ல.

#21 வெள்ளிக்கிழமை டிஸ்கோ

அநியாயம் பேசாதீர்கள். முகப்பு இசை, கோரஸ் அடுக்கு, அந்த முனகல், எல்லாம் இசை ஏற்பாட்டாளர் வேலை. ஏற்பாடு என்றால் ஏற்பாடு என்று பெயர் போட்டிருக்கலாம் என்பது வேறு வாதம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

#22 தெற்குத்தீவு

இங்கே வருபவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வதால்: டான் மெக்லீனின் ‘பாபிலோன்’, 1971, இதுவல்ல. சங்கீதம் ஒன்று, மெட்டு வேறு. ஒருவர் பின் ஒருவராக நுழையும் பழைய சுற்றுப்பாட்டு. வெர்டியின் ‘நபுக்கோ’ ஓபராவில் 1842-ல் அடிமைகள் பாடும் கோரஸும் இதே சங்கீதத்திலிருந்து கிளைத்ததுதான். மெலோடியன்ஸ் வழியில் பின்னால் பாடியவர்கள் என்றால் சப்ளைம் 1992, ஸ்டீவ் எர்ல் 1995, ஷினேட் ஓ’கானர் 2007.

#23 மேற்குத்தெரு கொயர்

கடைசியாக ஒன்று. நாங்கள் எந்த வரியைப் பாடுவது? குழுவில் பாதிப் பேர் ‘கர்த்தர்’, பாதிப் பேர் ‘கிங் ஆல்ஃபா’.

#24 கின்னரம்

கோவிலில் பாடினால் ‘கர்த்தரின் பாட்டு’. அது சங்கீதத்தில் உள்ளதுதான். ஆனால் கடைசியில் ‘ஹியர் டுநைட்’ போடாதீர்கள், ‘ஓ லார்ட்’ என்று பாடி ‘ஓ’வை ஒரு அசை கூடுதலாக இழுங்கள், மெட்டு நிறைந்துவிடும். மேடையில் ஜமைக்கா பாணியில் பாடுவதாக இருந்தால் இரண்டு பெயரையும் அப்படியே பாடுங்கள். ‘ஃபார்-ஐ’யில் அழுத்தம் ‘ஐ’ மேல் விழ வேண்டும்.

#25 அரைஇடம்

அந்த ‘ஐ’ விழுவதும் மூன்றாவது குரல் நகராமல் நிற்கிற இடத்தில்தான் வரும். ப பாடுகிறவரிடம் சொல்லிவையுங்கள், மூச்சை முன்னாலேயே எடுக்கட்டும்.